இரண்டாம் வாசோ

அந்த வருஷம் பர்மியக் காலண்டரில் வாசோ மாதம் இரண்டு தடவை வந்தது.

நிலாவைப் பார்த்து எண்ணுகிற காலண்டர் அது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாதமும் மழையும் ஒத்துப்போகாமல் விலகிவிடும். அப்போது வாசோவை இன்னொரு தடவை போட்டுச் சரிக்கட்டுவார்கள். பிக்குகள் மடத்தை விட்டு வெளியே தங்காமல் மூன்று மாத மழைக்கால நோன்பைத் தொடங்கும் பௌர்ணமி இரண்டாம் வாசோவில்தான் வரும். அரசாங்க விடுமுறையும் அன்றைக்குத்தான். முதல் வாசோவில் வருவது வெறும் பௌர்ணமி.

இதெல்லாம் மஞ்சுளாவுக்குத் தெரியாது. யாங்கோனுக்கு அக்கரையில், தன்லியினில் பிறந்து முப்பத்தெட்டு வயது வரை அங்கேயே இருக்கிறவள். லீவு என்றால் அவள் வேலை பார்க்கும் தையல் கடை பூட்டியிருக்கும், வீட்டில் துணி துவைக்கலாம், அவ்வளவுதான். கணவன் சுரேந்திரன் ஜெயிலுக்குப் போன பிறகுதான் அவள் காலண்டரைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தாள்.

சுரேந்திரன் ஃபெரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் தன்லியினில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் லைங் தாயா தையல் ஆலைகளில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வரும் வேலை. ஒரு நாள் பாலத்துக்குக் கிட்டே ராணுவக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாருடைய போனையும் வாங்கிப் பார்த்தார்கள். ராணுவ ஆட்சிக்கு எதிராக யாரோ அனுப்பிய ஒரு படம் அவன் போனில் இருந்தது. அழிக்க மறந்திருந்தான். மூன்று வருஷம் போட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு வந்த அன்று மாமனார் ராஜரத்தினம் மூலையிலேயே உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மறுநாள் காலை எழுந்ததும் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மஞ்சுளா, இங்க வா. இந்த ஊர்ல பெரிய லீவு நாள் வந்தா மன்னிப்புக் குடுத்து ஆளுகளை விடுவாங்க. எல்லா லீவுக்கும் இல்ல. சில லீவுக்கு. எதுக்குன்னு முன்கூட்டித் தெரியாது. நாமதான் போய் நிக்கணும்."

"எந்தெந்த நாள் மாமா?"

அவர் விரல் வைத்துக்கொண்டே போனார். சுதந்திர தினம். பிப்ரவரியில் ஒன்றிய தினம். ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து வருகிற புது வருஷம். அரசமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற கசோன் பௌர்ணமி. அப்புறம் வாசோ. அப்புறம் விளக்கேற்றுகிற ததிங்ஜுட். ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். தன் மகனுக்கு எப்போதும் எதிலும் அவசரம் என்று சொல்லிவிட்டு, முதல் வட்டத்தை இன்னொரு தடவை அழுத்திப் போட்டார்.

சுதந்திர தினத்தன்று ஜெயில் வாசலில்தான் மஞ்சுளா கமருன்னிசாவைப் பார்த்தாள்.

நூற்றுக்கணக்கான பேர் நின்றார்கள். பெயர் எழுதிய அட்டைகளைத் தலைக்கு மேலே பிடித்திருந்தார்கள். கதவு திறந்து பஸ் வெளியே வரும்போதெல்லாம் கூட்டம் அலை மாதிரி முன்னே போய்ப் பின்னே வந்தது. மஞ்சுளா அட்டையில் கணவன் பெயரைப் பர்மிய எழுத்திலும் தமிழிலும் எழுதியிருந்தாள். அந்தத் தமிழைப் பார்த்துவிட்டுத்தான் முக்காடு போட்ட ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நீ தமிழாம்மா? யாரு உள்ளே?"

"வீட்டுக்காரர். உங்களுக்கு?"

"மவன். ஆமிர். இருவத்தி ரெண்டு வயசு. லத்தாவுல எங்க குடைக்கடை. கடையில உக்காந்திருந்த புள்ளையைத்தான் கூட்டிட்டுப் போனாங்க."

கடைசி பஸ் போய்க் கதவு மூடுகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்றார்கள். பிறகு எதிர்ப்புறம் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். முன்பின் தெரியாத அந்த அம்மா மஞ்சுளாவின் கிண்ணத்தில் தன்னுடைய முட்டையை எடுத்துப் போட்டாள்.

ஒன்றிய தினத்துக்குப் போனார்கள். யாரையும் விடவில்லை. புது வருஷத்துக்குப் போனார்கள். மூவாயிரம் பேரை விட்டார்களாம், இவர்களுடையவர்கள் இல்லை. திஞ்சான் ஈரம் காயாத தெருக்கள். படௌக் மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. கசோனுக்குப் போனார்கள். கதவு திறந்து பெண்களும் ஆண்களுமாக வந்துகொண்டே இருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டாள். அன்று கமருன்னிசா சொன்னாள்:

"பாத்தியா மஞ்சு, எல்லாம் இவுங்க லீவுதான். உன் தீபாவளியும் காலண்டர்ல இருக்கு, எங்க பக்ரீத்தும் இருக்கு. அதுக்கெல்லாம் ஆபீசைத்தான் மூடுவாங்க. இந்தக் கதவைத் தெறக்க மாட்டாங்க."

"நம்ம லீவுக்கு நம்ம ஆளு வந்தா என்னக்கா, அவங்க லீவுக்கு வந்தா என்ன. வந்தாப் போதும்."

"அது சரி" என்று சிரித்தாள் கமருன்னிசா.

கைதிகளை அடைத்திருக்கும் ஒவ்வொரு ஹாலுக்கும் ஒரு நாள் முறை வைத்துப் பார்சல் ஜன்னல் திறக்கும்; சுரேந்திரன் இருந்த ஹாலுக்குப் புதன்கிழமை. பொரித்த கருவாடு, பிஸ்கட், சோப்பு, மாத்திரை என்று கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆளைப் பார்க்க முடியாது. சாமான் கிடைத்ததற்கு அடையாளமாக உள்ளே இருப்பவர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று திரும்பி வரும். அந்தச் சீட்டின் ஓரத்தில் ஓரிரண்டு வரி எழுத விடுவார்கள். கசோனுக்குப் பிறகு வந்த ஒரு சீட்டில் ஆமிர், 'என்னை சுரேன் அண்ணன் ஹாலுக்கு மாத்திட்டாங்க, பக்கத்துலதான் படுக்கிறேன்' என்று எழுதியிருந்தான். கமருன்னிசா அதை மஞ்சுளாவின் கையில் கொடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு பார்சலும் ஒரே பையில் போக ஆரம்பித்தன.

ஜூலை பிறந்ததும் வாசோ பௌர்ணமி வந்தது. மஞ்சுளா கணவனுக்கு ஒரு நல்ல சட்டையும் கைலியும் எடுத்துக்கொண்டு போனாள். ஜெயில் வாசலில் கூட்டமே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கமருன்னிசா மட்டும் நின்றிருந்தாள்.

"என்னக்கா, யாரையும் காணோம்?"

"அதைத்தான் நானும் பாக்குறேன். நாம சீக்கிரம் வந்துட்டோமோ?"

காவலுக்கு நின்ற ஒரு வயதானவன் இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். "அம்மா, என்ன இன்னிக்கு வந்திருக்கீங்க? இது முதல் வாசோ. இந்த வருஷம் வாசோ ரெண்டு. லீவு அடுத்த மாசம்தான். ஆகஸ்டு ஒண்ணாந்தேதி வாங்க."

ஒரு கணம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கமருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சுளாவுக்கும் வந்தது. மழையில் நனைந்துகொண்டே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"முப்பது நாளைத் தூக்கி நடுவுல போட்டுட்டாங்களேடி! கேக்க ஆளில்லையா?"

"மாமாவுக்கே தெரியலக்கா. வட்டமெல்லாம் போட்டுக் குடுத்தாரு!"

வீட்டுக்கு வந்து சொன்னபோது ராஜரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டரை உற்றுப் பார்த்தார். பொடி எழுத்தில் 'முதல்' என்று போட்டிருந்தது. "எழுவத்தி நாலு வருஷம் இந்த ஊர்ல இருக்கேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டு பழைய வட்டத்தை அடித்துவிட்டு ஆகஸ்டில் புதிதாக ஒன்று போட்டார். "போவுது, ஒரு மாசம்தானே."

அடுத்த வாரம் வந்த சீட்டில் சுரேந்திரனின் கையெழுத்து கோணிப்போயிருந்தது. ஓரத்தில், 'காய்ச்சல் மாத்திரை அனுப்பு, பயப்படாதே' என்று எழுதியிருந்தான்.

மஞ்சுளா மறுநாளே மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை, இருமல் மருந்து, குளூக்கோஸ் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு அடுத்த புதன்கிழமைக்காகக் காத்திருந்தாள். புதன்கிழமை காலை இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால் ஜன்னல் மூடியிருந்தது. ஜூலை பத்தொன்பது. தியாகிகள் தினம். அரசாங்க விடுமுறை. எந்த லீவு நாளில் கதவு திறக்கும் என்றே பார்த்துப் பழகியவள், எந்த லீவு நாளில் ஜன்னல் மூடும் என்று பார்க்க மறந்துபோனாள்.

"சயா, மருந்து மட்டும்தான். காய்ச்சல்ல கெடக்கிறாரு. இதை மட்டும் உள்ள குடுத்திடுங்க" என்று காவலரிடம் கெஞ்சினாள்.

"இன்னிக்கு யாரும் வாங்க மாட்டாங்க அக்கா. அடுத்த புதன் கொண்டாங்க."

"நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கு உங்க ஹாலோட முறை இல்ல."

பத்தரை மணி தாண்டியதும் ஊரெல்லாம் சங்கு ஊதியது. அந்தக் காலத்துத் தலைவர்களைச் சுட்டுக் கொன்ற நேரத்துக்கு வருஷா வருஷம் ஊதுகிற சங்குதான். ஓடுகிற வண்டிகள் நின்றன, ஆட்கள் தலை குனிந்து நின்றார்கள். மஞ்சுளாவும் மருந்துப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை போன் வந்தது. ஜெயில் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்றார்கள். நுரையீரலில் சளி கட்டியதாம்.

உடம்பைக் கொடுத்தார்கள், அதுவே பெரிது என்றார்கள் பார்த்தவர்கள். ராஜரத்தினம்தான் கொள்ளி வைத்தார். மழை விடவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. எல்லாரும் போன பிறகு மாமனாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள். கமருன்னிசா மூன்று நாள் கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான்காம் நாள் கடையைத் திறக்கப் போனாள். போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

பதினோராம் நாள் காலை. ஆகஸ்டு ஒன்று. பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று ராஜரத்தினம் எழுதிக்கொண்டிருந்தார். மஞ்சுளாவின் போன் அடித்தது. கமருன்னிசா. பின்னால் ஒலிபெருக்கிச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன.

"மஞ்சு, பேரை வாசிக்கிறாங்க."

"ஆமிர் பேரா அக்கா?"

"இல்ல. உன் வீட்டுக்காரர் பேரு. ராஜரத்தினம் மகன் சுரேந்திரன், தன்லியின். ரெண்டு தரம் வாசிச்சுட்டாங்க. நான் என்ன செய்யட்டும்? யாருமே போகலியே, நான் என்ன சொல்லட்டும்?"

மஞ்சுளா போனைக் காதிலிருந்து எடுக்காமல் எழுந்து நின்றாள். அவன் முகத்தை அவள் கண்ணால் பார்த்திருந்தாள், குளிப்பாட்டியிருந்தாள், நெற்றியில் விபூதி இட்டிருந்தாள். இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு வரைக்கும் பார்த்திருந்தாள். ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. பேரை வாசிக்கிறார்கள். அவள் மாடத்திலிருந்து பர்சை எடுத்தாள்.

"மாமா, அவரு பேரை வாசிக்கிறாங்களாம்."

துக்க வீட்டுப் பெண் பதினாறு முடியாமல் படி இறங்கக்கூடாது என்று ஊரில் ஆயிரம் இருந்தது. ராஜரத்தினம் அதையெல்லாம் பேசவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். தன் கையால் கொள்ளி வைத்த மனுஷர் மருமகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"போம்மா. போய்ப் பாத்துட்டு வா. நாம போகலேன்னா அவன் வாசல்ல தனியா நிப்பான்."

பாலத்தைத் தாண்டும்போதுதான் பஸ்ஸில் அவளுக்குப் புத்தி திரும்பியது. கீழே பாகோ ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி ஓடியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். இறங்கவில்லை. வழியெல்லாம் மடங்களுக்கு நோன்புக் காவித் துணி கொண்டு போகிறவர்கள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். பெண்கள் பூ வைத்திருந்தார்கள்.

ஜெயில் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. விடுதலையானவர்கள் தெருவோரத்தில் ஈரத்தில் உட்கார்ந்து வீட்டார் கொண்டுவந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்கள். கமருன்னிசா சுவரோரமாக நின்றிருந்தாள். குடை மடக்கியபடியே கையில் இருந்தது. மழை அவள் மேல் கொட்டியது.

"ஆமிர்?" என்று கேட்டாள் மஞ்சுளா.

கமருன்னிசா தலையை ஆட்டினாள். பட்டியல் முடிந்துவிட்டது. ஆமிர் இல்லை.

மஞ்சுளா அவள் தோளைத் தொட்டாள். அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கமருன்னிசா சொன்னாள்: "செத்தவனுக்கு எதுக்குடி விடுதலை? அந்த எடத்துல என் புள்ளை பேரைப் போட்டிருந்தா உசுரோட வெளிய வந்திருப்பானே!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். மஞ்சுளா அவளைத் தாண்டிப் போய் வாசல் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

மேஜைக்குப் பின்னால் ஒரு இளைய அதிகாரி. கண்ணாடியில் மழைத்துளி. "யாரு வேணும்?"

"சுரேந்திரன். தன்லியின். நான் சம்சாரம்."

அவர் முகம் மலர்ந்தது. "எங்கே போனீங்க இவ்வளவு நேரம்? நாலு தடவை கூப்பிட்டோம். அவரையும் காணோம்." பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. இன்னொரு நோட்டை எடுத்துப் பார்த்தார். நிமிரவில்லை.

"இவர் இருபத்திரண்டாந்தேதியே..."

"ஆமா."

"பட்டியல் அதுக்கு முன்னாலேயே மேலிடத்துல கையெழுத்தாகி வந்திடுச்சு அக்கா. ஜூன் கடைசியிலேயே. பௌர்ணமிக்காகத்தான் வச்சிருந்தாங்க." சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "திருத்த எங்களுக்கு அதிகாரம் இல்ல."

ஜூன் கடைசி. மஞ்சுளாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வாசோ ஒன்றே ஒன்றாக இருந்திருந்தால், அவளும் கமருன்னிசாவும் குடை பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்ற அந்த நாளில் அவன் நடந்து வெளியே வந்திருப்பான். காய்ச்சல் வந்திருக்காது. வந்திருந்தாலும் வீட்டில் வந்திருக்கும், மருந்துக்கடை தெருமுனையில் இருக்கிறது.

அதிகாரி ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து வேணும். இல்லேன்னா ஒரு ஆள் குறையுதுன்னு எங்களை விடமாட்டாங்க."

அச்சடித்த காகிதம். மேற்படி நபரின் மீதித் தண்டனை மன்னிக்கப்பட்டு, அவர் இன்று குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டார் என்று பர்மிய மொழியில் இருந்தது. கீழே, 'பெற்றுக்கொண்டவர்' என்று போட்டுப் புள்ளிக்கோடு. மஞ்சுளா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். நகல் ஒன்றை மடித்து அவளிடம் கொடுத்தார். நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையைத் தேடி அதற்குள் போட்டுக் கொடுத்தார். அந்த உறையைப் பார்த்ததும்தான் அவள் உடைந்தாள். அத்தனை பேர் நடுவில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தபோது கமருன்னிசா அங்கே இல்லை.

ஆகஸ்டு போய், செப்டம்பர் போயிற்று. கமருன்னிசாவிடமிருந்து போன் வரவில்லை. மஞ்சுளாவும் கூப்பிடவில்லை. ததிங்ஜுட்டுக்கு ஊரெல்லாம் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அன்று யாரையும் விடவில்லை என்று கடையில் பேசிக்கொண்டார்கள். மஞ்சுளா லுங்கியின் இரண்டு ஓரத்தைச் சேர்த்து மிஷினில் ஓட்டிக்கொண்டே அதைக் கேட்டாள். இந்த நேரம் அந்த அம்மா ஒற்றையாளாகத் திரும்பிப் போய்க்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் தையல் கோணிவிட்டது. பிரித்து மறுபடி ஓட்டினாள்.

தீபாவளி வந்தது. துக்கம் நடந்த வீடு, எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை. காலை பத்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். கமருன்னிசா. கையில் தூக்குச்சட்டி.

"இன்னிக்கு உங்க லீவுல்ல. கடை மூடியிருக்கு" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "பலகாரம் இல்ல. சும்மா சோறும் பருப்பும்தான்."

உள்ளே வந்து உட்கார்ந்தாள். ராஜரத்தினம் பாயை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள் கமருன்னிசா. "அல்லா எனக்கு அந்த வாயைக் குடுத்திருக்க வேணாம்."

"அக்கா."

"என்னைப் பேச விடு."

"வேணாம்க்கா. நானும் அதையேதான் நெனச்சேன். நீங்க சொல்றதுக்கு முன்னாலேயே, பஸ்ல வரும்போதே. இவரு பேருக்குப் பதிலா ஆமிர் பேரு இருந்திருந்தா ஒரு வீடாவது பொழச்சிருக்கும்னு."

கமருன்னிசா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். மஞ்சுளா எழுந்து போய் மூன்று தட்டை எடுத்து வந்தாள்.

ஜனவரி நான்காம் தேதி சுதந்திர தினத்துக்கு மறுபடியும் இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். மஞ்சுளாவின் கையில் அட்டை இல்லை. கமருன்னிசாவின் அட்டையைத்தான் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பதினொரு மணிக்கு மேல் மூன்றாவது பஸ்ஸில் ஆமிர் வந்தான்.

அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, தலை மொட்டையடித்து, வெறுங்காலோடு வந்தான். கமருன்னிசா அவனைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஆடினாள், கைக்குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. மஞ்சுளா தள்ளி நின்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

எதிர்க்கடையில் உட்கார்ந்தார்கள். மொஹிங்கா வந்தது. ஆமிர் சாப்பிடாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டே மஞ்சுளாவைப் பார்த்தான்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல சாப்பிடுப்பா."

"சொல்லிட்டுத்தான் சாப்பிடுவேன்." அவனுக்குத் தமிழ் தடுமாறியது. பாதியில் பர்மிய மொழிக்குப் போய்விட்டான். "அண்ணனுக்குத் தெரியும். லிஸ்ட்ல பேரு இருக்குன்னு. ஜூலை மாசம் ஆரம்பத்துலேயே ஆபீஸ்ல கூட்டிப் பெருக்குற ஒருத்தர் பாத்துட்டு வந்து சொன்னாரு. ரெண்டாம் வாசோ பௌர்ணமிக்கு வெளிய போறீங்கன்னு."

மஞ்சுளா கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.

"அன்னிக்கு ராத்திரி அவரு தூங்கவே இல்ல. பாட்டாப் பாடுனாரு. மறுநாள் காலையில சாமானையெல்லாம் எடுத்து எல்லாருக்கும் குடுத்துட்டாரு. வெளிய போறவங்க அப்படித்தான் குடுத்துட்டுப் போவாங்க. ஆனா அது போற அன்னிக்கு. அவரு இருவத்தி நாலு நாள் முன்னாலேயே குடுத்துட்டாரு. தட்டு ஒருத்தருக்கு, செருப்பு ஒருத்தருக்கு. போர்வை எனக்கு."

கமருன்னிசா மகனின் முதுகில் கை வைத்தாள்.

"நான் வேணாம்னேன் அண்ணி. மழையா இருக்கு, நீங்க வச்சுக்கங்கன்னேன். 'இன்னும் மூணு வாரம்தானே தம்பி, உனக்குத்தான் இன்னும் நாள் இருக்கு'ன்னாரு. மூணாம் நாளு காய்ச்சல் வந்திடுச்சு. நான் போர்வையைக் கொண்டுபோய்ப் போத்தினேன். தள்ளிவிட்டுட்டாரு. குடுத்ததைத் திருப்பி வாங்குனா விடுதலை தள்ளிப் போயிடும்னு பயம் அவருக்கு. அவரு தூங்குனப்புறம் போத்துவேன். முழிச்சாருன்னா எடுத்து என் மேல போட்டுடுவாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்பவும் அது என் மேலதான் இருந்துச்சு." அவன் குரல் உடைந்தது. "நான் அதை வாங்காம இருந்திருந்தா..."

கடையில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாசலுக்கு எதிரே இருக்கிற கடையில் அழுகிறவர்கள் புதிதில்லை, தங்கள் கிண்ணத்துக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

மஞ்சுளாவுக்கு எழுந்து எங்காவது ஓடிவிடவேண்டும் போல இருந்தது. அவசரக்காரன். பஸ் நிற்கிறதற்கு முன்னாலேயே கதவைத் திறக்கிறவன். கல்யாணத்தன்று தாலியை எடுக்க ஐயர் சொல்லும் முன் கையை நீட்டியவன். அவனை உலுக்கி, ஏன்யா, போற அன்னிக்குக் குடுத்தா ஆகாதா என்று கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்க ஆளில்லை. எதிரே இருபத்து மூன்று வயதுப் பையன் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான்.

"ஆமிர், இங்க பாரு." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அவரு குடுத்தா குடுத்ததுதான். யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. நான் பதினாறு வருஷம் சொல்லிப் பாத்தவ. உன் தப்பில்ல." பிறகு கேட்டாள். "என்ன பாட்டுப் பாடுனாரு?"

"எனக்குத் தெரியல அண்ணி. தமிழ்ப் பாட்டு. எனக்கு வார்த்தை புரியல. ஆனா சிரிச்சுக்கிட்டே பாடுனாரு."

"அந்தப் போர்வை இப்ப எங்கப்பா?"

ஆமிர் பயத்தோடு நிமிர்ந்தான். "உள்ளேயே குடுத்துட்டு வந்துட்டேன் அண்ணி. போன வாரம் புதுசா ஒருத்தன் வந்தான், அவனுக்கு ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு வேணும்னு எனக்குத் தோணல. மன்னிச்சிடுங்க."

அவளுக்கு வேண்டியிருந்தது. ஒரு நூல் கிடைத்தாலும் போதும் என்றிருந்தது. "நல்லது செஞ்ச" என்றாள். "சாப்பிடு, ஆறுது."

தன்லியின் பஸ்ஸில் அவள் ஒன்று தீர்மானித்தாள். மாமாவிடம் பாட்டை மட்டும் சொல்லலாம். மகனுக்கு விடுதலை தெரிந்திருந்தது, சந்தோஷமாக இருந்தான், அது போதும். போர்வையைச் சொல்லவேண்டாம். எழுபத்தைந்து வயது மனுஷருக்கு அது எதற்கு.

தெருவில் சுதந்திர தின விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் தடவிய மூங்கிலில் வாலிபர்கள் ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். ராஜரத்தினம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

"வந்துட்டானா அந்தப் பையன்?"

"வந்துட்டான் மாமா."

"நல்லாருக்கானா? இவனைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

மஞ்சுளா பாட்டைச் சொன்னாள். லிஸ்டில் பெயர் இருந்தது அவனுக்கு முன்பே தெரியும் என்று சொன்னாள். கிழவரின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. "தெரிஞ்சுதான் இருந்தானா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மீதியை மனசுக்குள் வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. தட்டையும் செருப்பையும் சொன்னாள். போர்வையையும் சொன்னாள்.

மகனுக்குக் கொள்ளி வைத்தபோது அழாத மனுஷர், பதினாறாம் நாள் காரியத்தில் அழாத மனுஷர், இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். வெளியே எவனோ மூங்கில் உச்சியைத் தொட்டுவிட்டான் போலிருக்கிறது, தெருவே கை தட்டியது. மஞ்சுளா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.